சைவப் போர்ஷன்

போன வாரம் என் பேத்திக்கு வாடகை வீடு பார்க்க அவளோடு ரெட்டியார்பாளையம் போயிருந்தேன். புதிதாகக் கட்டிய அடுக்குமாடி. லிஃப்ட், தண்ணீர், கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘வீடு வாடகைக்கு. சைவம் மட்டும்.’ நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

“அதுக்கென்ன ஆயா, வெஜ்ஜின்னு சொல்லிட்டுப் போயிடலாம். யாரு வந்து நம்ம சட்டியத் தொறந்து பார்க்கப் போறா?” என்றாள் பேத்தி சிரித்துக்கொண்டே.

“வாய மூடுடி!” என்று கத்திவிட்டேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அந்தப் பிள்ளையிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? என் வயதுக்காரர்கள் நீங்கள் இருக்கிறீர்களே, உங்களிடம் சொல்கிறேன். வாடகைக்கு வீடு கேட்டு அடுத்தவன் வாசலில் கைகட்டி நின்ற தலைமுறை நாம்.

பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். குருசுக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டின் பாதிச் சுவரைப் புயலில் கடல் கொண்டு போயிருந்தது. குப்பத்திலேயே நாலெழுத்துப் படித்து ஆபீஸ் உத்தியோகம் பார்த்த ஒரே ஆள் என் அப்பா. புது சர்க்கார், புது ஆபீசர்கள், மெட்ராஸிலிருந்து வந்தவர்கள். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனால் மூக்கைச் சுளிப்பார்களாம். சுவரைத் திரும்பக் கட்டியிருக்கலாம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஆள் சேர்த்து மண் குழைக்கத் தயாராகவே இருந்தார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டி வயலைத் தூர்த்து வீடு வீடாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. அதுதான் அப்பாவுக்கு வேண்டியிருந்தது.

வீட்டின் முன்பக்கம் சொந்தக்காரர்கள், பின்பக்கம் வாடகைப் போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. கிணறும் கக்கூஸும் பொது. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்த மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எதிரே பார்த்தால் முசே என்று கூப்பிட வேண்டும். ஆனால் வீடு அவருடையதில்லை, வீட்டுக்காரம்மாவுடையது. அவர் இருக்கும் இடமே தெரியாது. பேசுவதெல்லாம் அந்த அம்மாதான்.

“மீனு, கருவாடு, முட்டை எதுவும் என் படி ஏறக் கூடாது. நீங்க எப்படி?” என்று கேட்டாள்.

“நாங்க சைவம்தாங்க. பரம்பரையா” என்றார் அப்பா.

திரும்பி வரும் வழியில் அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். “பரம்பரையான்னு எதுக்குச் சொன்னீங்க? எங்கப்பன் என்ன, கடல்ல கத்திரிக்காயா புடிச்சாரு?” அப்பா சிரிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டார். என் அம்மா அப்படிக் கேலி பேசி நான் கேட்டது அதுதான் கடைசி என்று இப்போது தோன்றுகிறது.

குடிபோகுமுன் அப்பா சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார். வாடை வந்ததெல்லாம் ஒதுக்கப்பட்டது. மீன் அரியும் அரிவாள்மனை, கருவாட்டுப் பானை, மழைக்காலத்தில் கூரை மேல் போர்த்திக் கட்ட மாமா கொடுத்த பழைய வலைத்துணி. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. மீன்சட்டியைத் தொட்டதும்தான் வந்தது. கருகருவென்று எண்ணெய் ஊறிப் பளபளத்த சட்டி. விளிம்பில் பிறைபோல் ஒரு உடைசல். அதில் வைத்தால் வெறும் புளித்தண்ணீர்கூட மணக்கும். அதை யாரிடமும் கொடுக்க விடாமல் அம்மா தானே தூக்கிக்கொண்டு போய்த் தன் அக்காவிடம், என் பெரியம்மாவிடம் கொடுத்தாள்.

“பத்தரமா வச்சிரு அக்கா. வந்து வாங்கிக்கிறேன்.”

“போடி, சைவக்காரி. ஒனக்கு எதுக்கு இனிமே மீன்சட்டி?” என்று பெரியம்மா அவள் கன்னத்தில் இடித்தாள். இடித்துவிட்டு அழுதாள்.

பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. கூடையில் மீனைத் தூக்கித் தெருத்தெருவாக விற்று, தாயில்லாத தங்கையையும் தம்பியையும் வளர்த்தவள். ரெட்டியார்பாளையத்துப் பக்கமே வரக்கூடாது என்று அப்பா அவளிடம் சொல்லிப் பார்த்தார். “மீன் விக்கிறவள இந்தத் தெருவுல நிக்காதேன்னு சொல்ல நீ யாருய்யா? தெரு ஒங்கப்பன் ஊட்டுதா?” என்று கேட்டுவிட்டாள். ஆனால் எங்களை யார் என்று காட்டிக்கொள்ள மாட்டேன் என்று சாமி மேல் சத்தியம் செய்தாள்.

சொன்னபடியே ஒரு நாள் எங்கள் தெருவில் “மீனே... மீனு...” என்று அவள் குரல் கேட்டது. அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நானும் என் தம்பியும் ஓடப் பார்த்தோம். அம்மா ஈரக் கையால் எங்கள் இரண்டு பேர் சட்டையையும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. எங்கள் சைவ வீட்டுக்காரம்மா வாசலுக்குப் போய், “ஏய் மீன்காரி, பின்பக்கமா வா” என்று கூப்பிட்டாள்.

சொல்தாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. இதை எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அவருக்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி. கூலிக்கு ஒரு கிழவி வந்து ஆக்கிவிட்டுப் போவாள். வீட்டுக்காரம்மா தொட மாட்டாள். குடியிருப்பவன் முட்டை தின்றால் தீட்டு, தன் புருஷன் வஞ்சிரம் தின்றால் மட்டும் டாக்டர் சொன்ன மருந்து. நல்ல நியாயம்!

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பெரியம்மா எங்கள் கொல்லைக்கு வந்தாள். கிணற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்தாவின் மீனைச் செதில் தேய்த்து, குடலெடுத்து, கழுவிக் கொடுப்பாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பாள். கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டார்கள். சேதியெல்லாம் வீட்டுக்காரம்மாவிடம் சொல்வதுபோல் வரும்.

“எங்கூட்டுத் தம்பிக்குப் பொண்ணு பாத்துட்டோம்மா. தேங்காத்திட்டுப் பொண்ணு. மாசியில கல்யாணம்.”

“அத ஏன் என்கிட்ட சொல்றே? மீன நல்லாக் கழுவு” என்பாள் வீட்டுக்காரம்மா.

அம்மாவின் கையில் ராட்டினக் கயிறு கொஞ்சம் நின்று மறுபடி ஓடும். அன்றைக்கெல்லாம் அம்மா வேலை செய்யும்போது ஏதாவது பாட்டு முனகிக்கொண்டிருப்பாள். எனக்குப் பெரியம்மாவின் முதுகுதான் ஞாபகம் இருக்கிறது. வியர்வையில் ஒட்டிய ரவிக்கை, கழுத்தில் ஒட்டிய மீன் செதில். அவள் மடியில் எங்களுக்கென்று பொரிவிளங்காய் உருண்டை கட்டி எடுத்து வருவாள். கொடுக்க வழியில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போவாள்.

புரட்டாசி முடிகிற சமயம். வீட்டுக்காரம்மா வாசல் முழுக்கப் புழுங்கல் நெல்லைக் காயப் போட்டிருந்தாள். பளீரென்று வெயில். எங்கள் அம்மா தண்ணீர்க்குடத்தோடு வந்தவள் நின்று முகத்தைக் கிழக்கே திருப்பினாள். “அம்மா, நெல்ல வாரிடுங்க. காத்து கொண்டலுக்குத் திரும்பிடுச்சு. இன்னிக்குக் கரையில யாரும் கட்டுமரம் எறக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டாள். நல்லெண்ணத்தில் வந்த வார்த்தை. பிறந்ததிலிருந்து காற்றின் பெயர் சொல்லி வளர்ந்தவள் வாயில் தானாக வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து நெல்லை வாரி முடிக்கவும் மழை கொட்டியது. “அடேயப்பா, கெட்டிக்காரிதான்!” என்று வீட்டுக்காரம்மா மெச்சினாள். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதைச் சாயந்திரம் அப்பாவிடமும் சொன்னாள். வீட்டுக்காரம்மா நம்மை நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று அப்பாவும் சந்தோஷப்பட்டார்.

சாணி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பெரியம்மா மீன் கழுவிக் கொடுத்துவிட்டு எழுந்து போனதும், “ஏம்மா, அந்த மீன்காரி ஒக்காந்த எடத்தச் சாணி போட்டுக் கழுவி விடு. எனக்குக் குமட்டுது. நீயும் சைவம்தானே, ஒனக்குத் தெரியாததா?” என்பாள் வீட்டுக்காரம்மா. சில நாள் பெரியம்மா தெருவைத் தாண்டுமுன்பே சொல்வாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே பெரியம்மா திரும்பிப் பார்ப்பாள். தான் தூக்கி வளர்த்த தங்கை, தான் உட்கார்ந்த இடத்தில் சாணித் தண்ணீரைத் தெளித்து விளக்குமாற்றால் தேய்ப்பதைப் பார்ப்பாள். ஆனாலும் அடுத்த தடவையும் வருவாள். தங்கையைப் பார்க்க வேண்டுமே, என்ன செய்வாள்?

என் தம்பிக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. கொட்டகைப் பக்கம் மீன் பொரிகிற வாசனை. நானும் அவனும் சுவரோரம் நின்று எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தோம். சொல்தா பார்த்துவிட்டு ஒரு துண்டு வறுத்த சங்கராவை நீட்டினார். அவர் நல்ல மனதோடுதான் நீட்டினார் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரம்மா தூணில் சாய்ந்துகொண்டு, “குடுங்க, குடுங்க. திங்கிதான்னு பாப்போம்” என்றாள். தம்பி சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில்கூட இன்னும் சேர்க்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, “நாங்க சாப்புட மாட்டோம்” என்றான். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவோ சேதி கேட்டு அவனைத் தூக்கி வைத்துக் கொஞ்சி, கடைக்குக் கூட்டிப் போய் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். என் சிங்கக்குட்டி என்றார்.

அப்புறம் கார்த்திகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா கிணற்றடியில் கண்ணாடியை மாட்டி முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தெருவில் அவள் குரலே கேட்கவில்லை. தலையில் கூடை இருந்தது, கூடையில் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்குள் நுழைய அவளுக்கு வேறு என்ன வழி? அதற்காகத்தான் வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள்.

“என்ன மீனு இன்னிக்கு?” என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா.

“மீனு இல்லீங்கம்மா. எங்க குப்பத்துல இன்னிக்கு யாரும் கடலுக்குப் போவல.”

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் ஒரு மரமும் கடலில் இறங்காது. இது எனக்கே தெரியும். அம்மா துலக்கிய பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன், யாரு போயிட்டா?”

“என் தம்பிம்மா.” பெரியம்மா வீட்டுக்காரம்மாவின் முகத்தையே பார்த்துச் சொன்னாள். குரலை மட்டும் உயர்த்தினாள். “நேத்து கொண்டல் பொரட்டிடுச்சு. தேங்காத்திட்டுப் பக்கம் ஒதுங்கிக் கெடந்தான். கல்யாண மாப்பிள்ள. மத்தியானம் எடுக்கணும். கூடப்பொறந்தவ வந்து தலைக்கு எண்ண வைக்காம எடுக்க முடியாதும்மா. நாங்க காத்துக்கினு இருப்போம்.”

“அய்யய்ய, சாவு வீட்டுலேருந்து நேரா இங்க வந்து நிக்கிறியா? போ, போ!” என்று வீட்டுக்காரம்மா பின்வாங்கினாள். பெரியம்மா போனாள். கதவைத் தாண்டும்போது ஒரு தடவை திரும்பினாள். அம்மா எழுந்தாள். அப்பா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல் “ம்ஹூம்” என்றார். அம்மா நின்றுவிட்டாள்.

“அந்த எடத்தக் கழுவும்மா” என்றாள் வீட்டுக்காரம்மா.

அம்மா சாணியைக் கரைத்தாள். தன் தம்பி செத்த சேதி வந்து நின்ற இடத்தைக் குனிந்து தேய்த்தாள். வீட்டுக்காரம்மா அருகில் நின்று அவள் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்து நிமிர்ந்ததும் சாதாரணமாகக் கேட்டாள்.

“கூடப்பொறந்தவன் செத்துக் கெடக்கிறான். நீ போவலியாடி?”

அப்பாவின் கையிலிருந்து கத்தி விழுந்தது. பாதி முகம் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். “அம்மா... மன்னிச்சுக்குங்க... நாங்க...” என்று ஏதோ உளறினார்.

“அட, எதுக்கு மன்னிப்பு? கொண்டல் அடிக்குதுன்னு சொன்னாளே, அன்னிக்கே எனக்குத் தெரியும். எந்தச் சைவக்காரி காத்துக்குப் பேர் வச்சுக் கூப்புடுறா? மீன்காரி மூஞ்சியும் இவ மூஞ்சியும் ஒண்ணாத்தானே இருக்கு. நானும், எவ்வளவு தூரம் போறாங்கன்னு பாக்கலாம்னுதான் இருந்தேன். பலே ஆளுங்கதான் நீங்க! புள்ளைங்ககூட வாயத் தொறக்கல.”

நாங்கள் காலி செய்ய வேண்டும் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் பிழைத்திருப்போம். அவள் சொல்லவில்லை. “இருங்க. நானா போகச் சொன்னேன்? ஒண்ணே ஒண்ணு. அந்த மீன்காரி இனிமே என் கொல்லைக்கு வர வேணாம். முசேவுக்கு மார்க்கெட்டுலேருந்து மீன் வரும், இவளே ஆஞ்சு கழுவிக் குடுத்துடட்டும். கை பழகின வேலதானே?” என்றாள். அப்பா, என்னைப் பெற்ற அப்பா, “சரிங்கம்மா, ரொம்ப நன்றிம்மா” என்று கும்பிட்டார்.

அம்மா போர்ஷனுக்குள் போய்ப் புடவை மாற்றினாள். கையில் எண்ணெய்க் கிண்ணம் எடுத்துக்கொண்டாள். அப்பா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தார். “அவங்களே பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்க. இப்ப நீ அழுதுகினு தெருவுல போனா ஊரு பூரா தெரியும். பக்கத்து வூட்டுல எங்க ஆபீஸ்காரரு இருக்காரு. எம் மானம் போச்சுன்னா நாலு பேரும் குடும்பத்தோட கடல்ல வுழ வேண்டியதுதான்” என்றார்.

“எண்ண வச்சிட்டு ஓடியாந்துடுறேன்” என்றாள் அம்மா. “எந் தம்பிங்க. நான் இடுப்புல தூக்குன புள்ள அவன்.”

“செத்தவன் திரும்பி வரப் போறானா?” என்றார் அப்பா. நகரவில்லை.

அம்மா சத்தம் போட்டு அழக்கூடாது. எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு மெதுவாக அழத் தெரியாது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? அடுப்பைப் பற்றவைத்து, வாணலியைக் காய வைத்து, கை நிறைய மிளகாய் வற்றலை அள்ளி அதில் போட்டாள். நெடி கிளம்பி அறையெல்லாம் அடைத்துக்கொண்டது. நானும் தம்பியும் இருமி இருமிக் கண்ணீர் விட்டோம். அதற்குள் நின்றுகொண்டு அம்மா இருமுவதுபோல் அழுதாள். “என்னடி நெடி!” என்று முன்பக்கத்திலிருந்து வீட்டுக்காரம்மா கத்தினாள். அப்பா படியில் உட்கார்ந்தபடியே இருமினார். எழுந்திருக்கவில்லை. மிளகாய் தீய்ந்ததும் அம்மா இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

குப்பத்தில் பொழுது சாயும்வரை மாமாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். பிறகு பெரியம்மா தன் பங்கு எண்ணெயை வைத்து, தங்கையின் பங்கையும் தானே வைத்தாளாம். ரொம்ப நாள் கழித்து எங்கள் சொந்தக்காரி ஒருத்தி சொல்லித்தான் தெரியும்.

அந்தப் போர்ஷனில் அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தோம். அம்மா தினமும் சொல்தாவின் மீனைக் கழுவினாள். பெரியம்மா உட்கார்ந்த அதே இடம். கழுவி முடித்ததும் அந்த இடத்தைத் தானே சாணி போட்டுத் தேய்த்தாள். எங்கள் வீட்டில் மறுபடி மீன் வாடை வந்தது, மீன் மட்டும் வரவில்லை. அப்பாவுக்கு ஆபீசில் மரியாதை கூடியது. அவர் நினைத்ததெல்லாம் நடந்ததாகத்தான் சாகும்வரை நம்பினார்.

புதுச்சேரி முழுசாக இந்தியாவோடு சேர்ந்த வருஷம், அப்பாவுக்கு வேறு இடத்தில் வீடு கிடைத்தது. மீன் கூடாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. குடிபோன மறுநாளே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். “அக்காளுக்குக் கோவம் இருக்கும். ரெண்டு அடி அடிப்பா. அடிச்சா வாங்கிக்கணும். அப்பறம் சட்டியக் கேக்கணும்.” என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள்.

பெரியம்மா தெருவுக்குப் போவதை விட்டு மார்க்கெட்டில் கடை போட்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நாங்கள் எதிரே போய் நின்றோம். அம்மா “அக்கா” என்றாள். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

“வாங்கம்மா. என்னா மீனு வேணும்?”

அம்மா கடைக்கு முன்னால் குனிந்தாள். மறுபடி “அக்கா” என்றாள்.

“சங்கரா நல்லா இருக்கும்மா. காலையில வந்தது. ஆஞ்சு தரட்டுமா, நீங்களே பண்ணிக்குவீங்களா?”

பக்கத்துக் கடைக்காரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையிலிருந்து காசை எடுத்து வைத்தாள். “நானே பண்ணிக்கிறேன்” என்றாள். பெரியம்மா மீனைத் தாமரை இலையில் சுற்றி நீட்டினாள். வாங்கும்போது விரல்கூடப் படவில்லை.

நாங்கள் திரும்பி நடந்தோம். சட்டியைக் கேட்கவில்லையே என்று நான்தான் திரும்பிப் பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது. கடைக்குப் பக்கத்தில், விளிம்பில் பிறைபோல் உடைந்த அதே கறுப்புச் சட்டி, நிறையத் தண்ணீரோடு. பெரியம்மா அதில் கைவிட்டுத் தண்ணீரை அள்ளி, அம்மா நின்ற இடத்தில் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.